ரெக்கார்டு நோட்டில் ஓடும் நிரல்

கணினிக் கல்வியில் பெண்களின் இடம் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு புத்தகத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் இருவரும் சேர்ந்து எழுதி 2002இல் எம்.ஐ.டி. பதிப்பகம் வெளியிட்ட 'அன்லாக்கிங் த கிளப்ஹவுஸ்'. ஆண்கள் தங்களுக்கென்று பூட்டி வைத்துக்கொண்ட மன்றத்தைத் திறப்பது என்று தலைப்புக்குப் பொருள் சொல்லலாம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995இல் கணினி அறிவியல் இளநிலையில் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம். 2000இல் அது 42 சதவீதம். இடைப்பட்ட ஆண்டுகளில் நூறு மாணவர்களுக்கு மேல் திரும்பத் திரும்பச் சந்தித்துப் பேசி, பெண்கள் ஏன் வரவில்லை, வந்தவர்கள் ஏன் விலகினார்கள் என்று விசாரித்த கதை அது.

அந்த விசாரணை பல்கலைக்கழகத்தோடு நிற்காமல் பள்ளிக்கும் வீட்டுக்கும் போகிறது என்பதுதான் புத்தகத்தின் பலம். வர்ஜீனியா வுல்ஃப் பெண்ணுக்குக் கேட்ட 'தனக்கென ஓர் அறை'யைத் திருப்பிப்போட்டு, அதை 'அவனுக்கென ஓர் அறை' ஆக்கி ஓர் இயலுக்குத் தலைப்பு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வாங்கிய கணினி மகனுடைய அறைக்குப் போகிறது. அப்பா மகனோடு உட்காருகிறார். மகள் நின்று பார்க்கிறாள். உயர்நிலைப் பள்ளியில் நிரலாக்க வகுப்பு தொடங்கும்போது பையனுக்குப் பல ஆண்டு விளையாட்டுப் பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை ஆசிரியர் திறமை என்று எடுத்துக்கொள்கிறார். பெண்ணோ தனக்கு அது பிறப்பிலேயே இல்லை என்று முடிவுகட்டுகிறாள். இதை மாற்றப் பள்ளி ஆசிரியர்கள் 240 பேருக்குக் கோடைக்காலப் பயிற்சி கொடுத்தது பற்றியும் ஓர் இயல் உண்டு. ஆசிரியர் வேலையில் இருக்கிற எவருக்கும் பிடிக்கக்கூடிய இயல் அதுதான்.

பி.எஸ்சி. கணினி அறிவியல் முதலாண்டுக்குப் பொதுத்தமிழ் நடத்தப் போகிறவள் நான். இந்தப் புத்தகத்தின் வாதத்தை அந்த வகுப்பில் சொன்னபோது மாணவிகளுக்கு அது தங்கள் கதையாகப் படவில்லை. "எங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் குரூப்னாலே பொண்ணுங்கதான் மேம் ஜாஸ்தி" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதில் தவறில்லை. இந்தியாவில் கணினி படிக்கிற பெண்களிடம் ரோலி வர்மா நடத்திய ஆய்வுகள், இங்கே அது பெண்களுக்கு உகந்த துறையாகவே பார்க்கப்படுகிறது என்று காட்டின. மலேசியாவில் கணினி அறிவியல் வகுப்பறைகளில் பெண்களே மிகுதியாக இருப்பதைப் பற்றி உல்ஃப் மெல்ஸ்ட்ரோம் 2009இல் எழுதிய கட்டுரையும் புகழ்பெற்றது. ஆகவே மேற்கத்தியப் பெண்ணியத்தின் இந்தக் கவலை நமக்குப் பொருந்தாது, இங்கே மன்றத்தின் கதவு திறந்துதான் கிடக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். கதவு திறந்திருப்பது சரி. உள்ளே அழைத்து உட்கார வைத்து என்ன வேலை கொடுக்கிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை.

கதவு ஏன் திறந்தது என்பதிலேயே பதிலில் பாதி இருக்கிறது. வெயிலில் நிற்க வேண்டாம், தளத்தில் ஏற வேண்டாம், ஏ.சி. அறை, நாற்காலி, இருட்டுவதற்கு முன் வீடு. வரன் பார்க்கிற வீட்டாருக்கும் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும். சிவில், மெக்கானிக்கல் வேண்டாம் என்று மகளைத் தடுக்கிற அதே வாய்தான் கம்ப்யூட்டர் எடு என்கிறது. எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் ஊருக்கு ஊர் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நினைவுக்கு வருகிறது. எழுபது எண்பதுகளில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண்ணை லோயர், ஹையர் என்று அங்கேதான் அனுப்பினார்கள். அடிக்கிற கடிதம் வேறொருவர் எழுதியது. தட்டச்சுக்காரியிடம் கேட்கப்பட்டது வேகமும் பிழையின்மையும் மட்டுமே. அந்த இன்ஸ்டிடியூட் விட்டுப்போன நாற்காலியில்தான் கணினி வந்து உட்கார்ந்தது. பழைய பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தின் முதல் தொகுதி முழுக்க ஸ்டார் ஆஃபீஸ் மென்பொருள் என்பதை இப்போது கல்லூரி ஆசிரியைகளாக இருக்கிற பலர் நினைவு வைத்திருப்பார்கள். கடிதம் அடிப்பது, அட்டவணை போடுவது. இரண்டாம் தொகுதியில்தான் சி++.

அந்தப் பாடத்திட்டம் போய்விட்டது. 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் 2019இல் பிளஸ் டூவுக்கும் புதிய நூல்கள் வந்தன. முதலாண்டில் சி++, இரண்டாம் ஆண்டில் பைத்தான், தரவுத்தளம். பொருளடக்கத்தை மட்டும் பார்த்தால் மதிக்கத்தக்க நூல்கள். செயற்கூறு, வரையெல்லை, நெறிமுறைகளை ஒப்பிடும் வழிகள் என்று ஆழமாகவே போகிறார்கள். சிக்கல் நூலின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. செய்முறைத் தேர்வுக்கு உரிய நிரல்கள் எவை என்று அங்கே வரிசையாகக் கொடுத்திருக்கிறது: தொடர்பெருக்கம் காண்பது, ஒற்றை இரட்டை சொல்வது, சரத்தைத் தலைகீழாக்குவது, பகா எண்கள். கணக்கு இருக்கிறது, அதன்கீழ் முழு நிரலும் இருக்கிறது, அதற்கும் கீழ் திரையில் என்ன வரும் என்ற விடையும் அச்சிடப்பட்டிருக்கிறது.

விடையே அச்சில் இருக்கும்போது இயந்திரம் எதற்கு? ரெக்கார்டு நோட்டின் வலப்பக்கத்தில் நிரல், கோடு போடாத இடப்பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டு அதற்குள் வெளியீடு. ஆசிரியை கையெழுத்துப் போட்டால் பயிற்சி முடிந்தது. "ரன் பண்ணிப் பாத்ததில்ல மேம். ஆனா எந்த புரோகிராம் கேட்டாலும் எழுதிடுவேன்" என்று பெருமையாகவே சொன்ன பெண்கள் உண்டு. பெருமைப்படக் காரணமும் இருக்கிறது, முழு மதிப்பெண் வாங்கியவர்கள். தொடர்பெருக்கத்துக்குப் பதிலாக முதல் பத்து எண்களின் கூட்டலைக் கேட்டால், மாற்ற வேண்டியது ஓரிரு குறிகள்தான், பேனா அப்படியே நின்றுவிடுகிறது.

தமிழாசிரியர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். 'அடிபிறழாமல் எழுதுக' என்று காலங்காலமாகக் கேட்டு வளர்த்தவர்கள் நாம்தான். ஆனாலும் மனப்பாடம் செய்த செய்யுள் காதில் தங்கும், பத்து வருடம் கழித்து ஒரு மழைநாளில் பொருளோடு திரும்பி வரும். ஓட்டிப் பார்க்காத நிரல் எங்கும் தங்குவதில்லை.

பையன்களும் இப்படித்தானே படிக்கிறார்கள், இதில் பெண்ணியம் எங்கே வந்தது என்று கேட்கலாம். பையனுக்கு வகுப்பு போனால் வேறு இடங்கள் இருக்கின்றன. செல்போன் கடை வைத்திருக்கிற அண்ணன், பிரவுசிங் சென்டர், நண்பன் வீட்டு மாடி, இரவு ஒன்பது மணி வரை தெரு. பெண்ணுக்கு இருப்பது வாரத்தில் ஓரிரு லேப் பீரியட். அதிலும் ஒரு கணினிக்கு நாலைந்து பேர். இருபாலர் பள்ளி என்றால் மவுஸ் யார் கையில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். "நான் நோட்ஸ் எடுப்பேன், அவங்க பண்ணுவாங்க." நோட்டு அழகாக இருக்கிறது என்ற பாராட்டும் அவளுக்குத்தான். மனப்பாடமுறை எல்லோரையும் கெடுக்கிறது. அதிலிருந்து தப்பிக்கிற வழிகளை ஆணுக்கு மட்டும் விட்டுவைக்கிறது.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இந்த இடத்தைத்தான் நிரப்பியிருக்க வேண்டும். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவிகளின் கைக்கே கணினியைக் கொண்டுவந்து கொடுத்த திட்டத்தை நான் எளிதில் குறைசொல்ல மாட்டேன். தன் பெயரில் ஒரு பொருளுக்குக் கையெழுத்திட்டு வாங்கியது அந்தக் குடும்பங்களில் பல பெண்களுக்கு அதுவே முதல்முறை. அதற்குப் பிறகு அது எங்கே போனது? ஒவ்வொரு ஆண்டும் முதலாண்டு வகுப்பில் கேட்டு வந்திருக்கிறேன். அண்ணன் வேலைக்குத் தேவைன்னு எடுத்துக்கிட்டான். மாமா பையன் படம் பார்க்கிறான். அப்பா வித்துட்டார். பத்திரமா பீரோவுல இருக்கு, கெட்டுப்போயிடும்னு அம்மா தொட விடல. இந்தக் கடைசிப் பதில்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. மார்கோலிஸ் விவரிக்கிற அந்த அறை நமக்கும் இருக்கிறது. நம் வீடுகளில் மகனுக்குத் தனி அறை கிடையாது, அதனால் கண்ணில் படுவதில்லை.

மார்கோலிஸின் முதல் புத்தகத்தைவிட 2008இல் வந்த 'ஸ்டக் இன் த ஷாலோ எண்ட்' நமக்கு நெருக்கமானது என்று நினைக்கிறேன். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் மூன்று அரசுப் பள்ளிகளைப் பற்றிய ஆய்வு அது. கறுப்பின, லத்தீன் குழந்தைகள் படிக்கிற பள்ளிகளில் கணினிகள் இருந்தன. கற்றுக்கொடுத்தது தட்டச்சும் அதையொட்டிய வேலைகளும். நீச்சலை உவமையாக எடுத்துக்கொள்கிறார்கள். கறுப்பின மக்களை நீச்சல்குளங்களிலிருந்து பல காலம் விலக்கி வைத்துவிட்டு, பிறகு அவர்களுக்கு நீச்சல் வராது, உடம்பு வாகு அப்படி என்று விளக்கம் சொன்ன வரலாறு. கிணற்றில் இறங்கவிடாத சாதி வரலாறு உள்ள நமக்கு இந்த உவமைக்கு உரை வேண்டியதில்லை. கருவி இருப்பதும் அறிவு கிடைப்பதும் வேறுவேறு என்பதை இந்தப் புத்தகம் நிறுவுகிறது. யாருக்கு ஆழம், யாருக்கு முழங்கால் அளவுத் தண்ணீர் என்று பள்ளி முன்கூட்டியே பிரித்துவிடுகிறது. நம்மிடம் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துப் பிரிவு ஒதுக்குகிற நாளில் அது நடக்கிறது. அதற்கு முன்னால் கணினிக்குத் தனிப் பாடமே இல்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கடைசி அலகில் ஸ்கிராட்ச் பற்றிக் கொஞ்சம் வருகிறது. கடைசி அலகு நம் பள்ளிகளில் எப்படி நடத்தப்படும் என்பதைச் சொல்ல வேண்டுமா?

இனி நிரலுக்குள் போகலாம். பட்டியலில் சரத்தைத் தலைகீழாக்கும் நிரல் ஒன்று இருப்பதைச் சொன்னேன். பிளஸ் ஒன்னில் ஓர் எண் இருபுறமிருந்து வாசித்தாலும் ஒன்றா என்று பார்க்கிற நிரலும் உண்டு. தமிழ் படித்தவளுக்கு இரண்டும் சேர்ந்தால் மாலைமாற்று. ஞானசம்பந்தர் பதிகமே பாடியிருக்கிறார். பள்ளிக் குழந்தைக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு 'விகடகவி'. அந்த நிரலுக்குள் 'விகடகவி'யைக் கொடுத்து ஓட்டினால் என்ன வரும்? இது மாலைமாற்று அல்ல என்று பைத்தான் சொல்லும். எழுத்து எத்தனை என்று கேட்டால் ஐந்துக்குப் பதில் ஏழு என்னும். தலைகீழாக்கிக் காட்டு என்றால் இகரக் குறி எழுத்தில்லாமல் முன்னால் வந்து தனியாகத் தொங்கும்.

காரணம் எளிது. யூனிகோடில் 'வி' என்பது ஒரு துண்டு அல்ல. வகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு துண்டுகள். நிரல் துண்டுகளைத் திருப்புகிறது, எழுத்துகளைத் திருப்புவதில்லை. 'அம்மா'வைக் கொடுத்தால் மூன்று எழுத்து ஐந்தாகிவிடும். தமிழ்வழியில் படிக்கிற, தமிழில் அச்சான நூலை வைத்துப் படிக்கிற ஒருத்தி தன் பெயரை அந்த நிரலில் ஒருமுறை தட்டியிருந்தால் போதும், இது அவள் கண்ணில் பட்டிருக்கும். நூலில் உள்ள நிரல் எல்லா மொழிக்கும் சரியானதல்ல, அது ஆங்கில எழுத்துமுறையை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறது என்று ஒரு பதினேழு வயதுப் பெண் தானாகவே கண்டுபிடித்திருப்பாள். பொதுமை என்று நம் முன்னால் வைக்கப்படுவது யாருடைய பொதுமை என்று கேட்பதுதானே நாம் பெண்ணியத் திறனாய்வு வகுப்பில் மூன்று பருவம் நடத்துவது?

சில மாணவிகளிடம் இதைச் சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். ஒருத்தி மட்டும் நாலைந்து நாள் கழித்து வந்தாள். ஒவ்வொரு துண்டாக எடுத்து, அது கொம்போ காலோ புள்ளியோ என்றால் முந்திய எழுத்தோடு ஒட்டிவிடுவது, இல்லையென்றால் புதிய எழுத்தாகத் தொடங்குவது, பிறகு எழுத்துகளைத் திருப்புவது. மெய்யோடு உயிர் சேரும் என்று ஆறாம் வகுப்பில் படித்த இலக்கணம்தான் அவளுக்கு உதவியிருக்கிறது. இப்போது 'விகடகவி'க்கு ஐந்து என்கிறது. க்ஷ, ஸ்ரீ இரண்டும் வந்தால் இன்னும் தடுமாறுகிறது. "எத்தன எரர் வந்துச்சு தெரியுமா மேம், ஒரு கட்டத்துல எனக்கே சிரிப்பு வந்துடுச்சு" என்றாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல நினைத்தேன். நம் வீட்டிலும் பள்ளியிலும் பெண் செய்கிற பிழை செயலோடு நிற்பதில்லை. அவள் குணத்தின் மேல், வளர்ப்பின் மேல், அம்மாவின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. குழம்பில் உப்பு கூடினாலும் அப்படி, தேர்வில் மதிப்பெண் குறைந்தாலும் அப்படி. கணினி ஒன்றுதான் ஏழாவது வரியில் அடைப்புக்குறி விட்டுப்போயிற்று என்று வரியைக் காட்டுகிறது, ஆளைக் காட்டுவதில்லை. இருபது முறை தவறு செய்தாலும் இருபத்தோராவது முறையும் அதே குரலில் சொல்கிறது. குழந்தைகளுக்காக 1960களில் உருவான லோகோ மொழியின் அடித்தளமே இதுதான். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் 1980இல் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில், நிரல் சரியா தப்பா என்பதைவிட அதைச் சரிசெய்ய முடியுமா என்பதே குழந்தைக்குக் கேள்வியாகிறது என்று விளக்குகிறார். பேப்பர்ட் பெயர் தெரிந்த அளவுக்கு, அவரோடு சேர்ந்து லோகோவை உருவாக்கிய சிந்தியா சாலமன் பெயர் தெரிவதில்லை. ரெக்கார்டு நோட்டில் மட்டும் நிரல் எழுதுகிறவளுக்குப் பிழைச்செய்தியே வருவதில்லை. அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது அதுதான்.

வரலாற்றிலும் இதே கதைதான். பாபேஜைக் கணினியின் தந்தை என்று ஒரு மதிப்பெண்ணுக்குப் படிக்காத மாணவி இருக்க மாட்டாள். முதல் தலைமுறைக் கணினி என்ற பட்டியலில் எனியாக் வரும். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சிஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். அவர்களுக்குப் பாடநூல் கிடையாது. மின்சுற்று வரைபடங்களை வைத்துக்கொண்டு தாங்களாகவே கற்றார்கள். எங்கே பிழை என்று தேடி வெற்றிடக் குழல் வரை போனார்கள். 1946 பிப்ரவரியில் இயந்திரத்தை உலகுக்குக் காட்டிய நாளின் இரவு விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை. அதற்கு முன்பே 'கம்ப்யூட்டர்' என்ற சொல் கணக்கிடுகிற ஆளைக் குறித்தது. அந்த வேலையில் பெண்கள் ஏராளம். 'கணினி' என்று நாம் அழகாகத் தமிழாக்கியபோது அந்த ஆள் மறைந்துவிட்டாள்.

கலைச்சொற்களைப் பற்றித் தமிழ்க்காரி பேசாமல் இருக்க முடியாது. அணி, மடக்கு, சரம் எல்லாம் எனக்குப் பிடிக்கும். தண்டியலங்காரத்தில் மடக்கணி படித்தவளுக்கு நிரலில் மடக்கு அந்நியமாக இராது. ஆனால் 'கிளாஸ்' என்பதற்கு இனக்குழு, 'இன்ஹெரிட்டன்ஸ்' என்பதற்கு மரபுரிமம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நம் ஊரில் என்ன வாசனை வரும் என்று யோசிக்கத்தான் வேண்டும். வகுப்பில் விளக்குகிறபோது பெரும்பாலும் சொல்லப்படுவது, அப்பா சொத்து மகனுக்கு வருவது போல. 1989இலேயே வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் பங்கு கொடுத்த மாநிலம் இது. எடுத்துக்காட்டுக்கு அந்தச் சட்டம் இன்னும் போய்ச் சேரவில்லை.

எடுத்துக்காட்டுகளை மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். மார்கோலிஸும் ஃபிஷரும், பெண்கள் கணினியைக் கணினிக்காக அல்ல, மருத்துவம் கலை என்று ஏதோ ஒரு பயனுக்காக விரும்புகிறார்கள் என்று எழுதினார்கள். அதே கார்னகி மெலனிலிருந்து கேரல் ஃபிரீஸ் பிறகு இதை மறுத்தார்: பெண்ணுக்கென்று தனிப் பாடத்திட்டம் வேண்டாம், சூழலும் வாய்ப்பும் மாறினால் விருப்பங்களில் உள்ள ஆண் பெண் வேறுபாடு தானாகவே கரைகிறது. நான் ஃபிரீஸின் பக்கம். 'பெண்பிள்ளைகளுக்குக் கோலம் போடுகிற நிரல்' என்று ஒருவர் கொண்டுவந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஆனால் கோலத்துக்கு இன்னொரு கதை இருக்கிறது. சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, இவர்களோடு கமலா கிருத்திவாசன் 1970களில் புள்ளிக்கோலங்களை எடுத்துக்கொண்டு, சிறிய விதிகளிலிருந்து பெரிய வடிவங்கள் எப்படி விரிகின்றன என்று வடிவ இலக்கணங்கள் எழுதினார்கள். 1974இல் வெளியான அவர்களின் கட்டுரையை உலகெங்கும் கோட்பாட்டுக் கணினியியலில் மேற்கோள் காட்டுகிறார்கள். மூவரில் இருவர் பெண்கள். வாசலில் குனிந்து போடுகிறவளின் கையில் இருப்பது அலங்காரம் மட்டுமல்ல, ஒரு செய்முறை என்று அவர்கள் கண்டார்கள். தாம்பரத்தில் நடந்த இந்த வேலைக்குப் பிளஸ் டூ நூலில் ஒரு பெட்டிச் செய்தி அளவு இடம் கொடுத்தால் பைத்தானுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஆசிரியைகளைக் குற்றம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அவர்களில் பலர் பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுக்கிற சொற்பச் சம்பளத்தில் இருப்பவர்கள். ஐம்பது பேருக்கு ஓடுகிற கணினி ஆறோ ஏழோ என்றால் சொல்லி எழுதவைப்பதைத் தவிர என்ன செய்வார்கள்? தேர்வை மாற்றலாம். முழு நிரலை எழுது என்று கேட்பதற்குப் பதிலாக, ஒரு வரி கெட்டுப்போன நிரலைக் கொடுத்து இதைச் சரிசெய் என்று கேட்கலாம். ரெக்கார்டு நோட்டின் இடப்பக்கத்தில் அச்சு வெளியீட்டைப் பார்த்து எழுதாமல், அவளுக்கு வந்த பிழைச்செய்திகளைத் தேதியோடு எழுதச் சொல்லலாம். அடித்தல் திருத்தலோடு இருக்கிற நோட்டுக்கு அதிக மதிப்பெண் போடலாம். இதற்கு ஒரு ரூபாய் கூடுதலாகத் தேவையில்லை. முதல் ஆண்டில் தேர்ச்சி விகிதம் குறையும், தலைமையாசிரியர்கள் விளக்கம் கேட்பார்கள், மே மாதத்தில் 'இந்த ஆண்டும் மாணவிகளே அதிகம்' என்ற தலைப்பைப் போட முடியாமல் பத்திரிகைகள் கொஞ்சம் திணறும்.